மடிக்கணினிக்கு ஏற்ற கேமிங் மவுஸ்

டச்பேட் எங்கே தோற்கிறது

மடிக்கணினியின் டச்பேட் கடிதம் எழுதவும் இணையத்தில் உலவவும் போதும். வேகமான கேம்களுக்குப் போதாது. விரலின் மின்னேற்புத்திறனை உணர்ந்து வேலை செய்யும் அந்தப் பலகை, தன்மேல் படுவது வேண்டுமென்றே வைத்த விரலா, தட்டச்சு செய்யும்போது தவறிப் பட்ட உள்ளங்கையா என்று ஒவ்வொரு தொடுகையிலும் முடிவு செய்தாக வேண்டும். அதனால் விசைகளை அழுத்தியதும் சற்று நேரம் தொடுகையைப் புறக்கணிக்கும்படியே அதை அமைக்கிறார்கள். ஒரு கையால் நடைவிசைகளை அழுத்திக்கொண்டே மறு கையால் குறிபார்க்க வேண்டிய கேமில் இந்தப் பாதுகாப்பே தடையாகிவிடுகிறது. வலது, இடது பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி சுட்டியை நகர்த்துவதும் டச்பேடில் ஏறக்குறைய முடியாத காரியம். சில சென்டிமீட்டர் பரப்புக்குள் முழுத்திரையையும் கடக்க வேண்டியிருப்பதால், விரலின் வேகத்துக்கேற்பச் சுட்டி தாவும் தூரமும் மாறுகிறது. ஒரே தூரம் விரலை நகர்த்தினால் ஒரே தூரம் சுட்டி நகரும் என்ற உறுதி அங்கே இல்லை.

அந்த உறுதியைத் தருவதுதான் கேமிங் மவுஸின் முதல் வேலை. கையின் அசைவுக்கும் திரையின் அசைவுக்கும் உள்ள உறவு மாறாமல் இருந்தால் தசைகள் அதைப் பழகிக்கொள்ளும். மாறிக்கொண்டே இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் கை தேறாது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் எவை இந்த உறவைக் காக்கின்றன, எவை விற்பனைக்காக மட்டும் பெருகியவை என்று பிரித்தறிவதே மவுஸ் தேர்வின் சாரம்.

மரப்பெட்டியிலிருந்து ஒளிக்கண் வரை

மவுஸ் பிறந்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்கு, 1964இல் பில் இங்கிலிஷ் மரக்கூட்டுக்குள் உருவம் கொடுத்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள் அதன் அடியில் இருந்தன. ஒன்று பக்கவாட்டு அசைவையும் மற்றொன்று முன்பின் அசைவையும் அளந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் எங்கல்பார்ட் அதைப் பலரறியக் காட்டினார். காப்புரிமை 1970இல் கிடைத்தது.

மவுஸ் ஏன் மற்றக் கருவிகளை வென்றது என்பதை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கார்டு, மேலே கண்ட பில் (வில்லியம்) இங்கிலிஷ், பெட்டி பர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதிப்படி, ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் இலக்கின் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. இலக்கு தொலைவானால் நேரம் கூடும், அகலமானால் குறையும். மவுஸை நகர்த்தும் கை இந்த விதிக்கு மிக நெருக்கமாக நடந்துகொண்டது. அதாவது, மவுஸால் சுட்டுவது வெறுங்கையால் சுட்டுவதற்கு இணையான வேகத்தில் நடந்தது. வேகத்தின் எல்லை கையில்தான் இருந்தது. கருவி இடையூறாக நிற்கவில்லை. நல்ல மவுஸுக்கு இன்றும் இதுவே இலக்கணம்.

சக்கரங்களுக்குப் பிறகு உருளும் பந்து வந்தது. பந்தில் தூசி ஒட்டும், உருளைகளில் அழுக்கு சேரும், சுட்டி திக்கும். 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் தனிப்பலகை எதுவும் தேவைப்படாத ஒளிமவுஸைப் பரவலான சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ரேசர் பூம்ஸ்லாங் என்ற மவுஸ் கேம் ஆடுவோருக்கென்றே விற்பனைக்கு வந்தது. ஆனால் அது இன்னும் பந்தில்தான் ஓடியது. ஒளிச் சென்சார் கேமுக்குத் தகுதிபெறப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

சென்சார் எப்படிப் பார்க்கிறது

இன்றைய மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு சிறு கேமரா. ஓர் ஒளியுமிழ் டையோடு, பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரில், மேசைப்பரப்பைச் சாய்வாக ஒளியூட்டுகிறது. ஒளி சாய்ந்து விழுவதால் துணியின் இழையும் மரத்தின் ரேகையும் சிறு சிறு நிழல்களாகத் தெரிகின்றன. லென்ஸ் அவற்றைச் சென்சார் சில்லின்மேல் குவிக்கிறது. சில்லு நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தின்மேல் வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினால் இரண்டும் பொருந்துகின்றன என்று கணக்கிடுகிறது. அந்த நகர்வே சுட்டியின் அசைவு.

இந்தக் கணக்கு எப்போது தவறும் என்பதை ஒரு பழைய சில்லைக்கொண்டு பார்க்கலாம். ஏடிஎன்எஸ்-3080 என்ற சென்சார் 30க்கு 30 புள்ளிகள் கொண்ட படங்களை நொடிக்கு 6,400 வரை எடுக்கும். அது தாங்கும் உச்ச வேகம் நொடிக்கு 40 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மீட்டர். அந்த வேகத்தில் இரண்டு படங்களுக்கு இடையே மவுஸ் 0.16 மி.மீ. நகர்ந்திருக்கும். சென்சார் பார்க்கும் பரப்பே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எனவே அதுவரை இரு படங்களிலும் பொதுவான பகுதி நிறைய இருக்கும், பொருத்தம் கிடைக்கும். வேகம் மிகுந்தால் பொதுப்பகுதி சுருங்கி, பொருத்தம் தப்பி, சுட்டி திசைமாறித் தாவும். கேமில் சட்டென்று பின்னால் திரும்பும் வீரரின் கை நொடிக்கு 1 மீட்டரை எளிதில் கடந்துவிடும். பழைய மவுஸ்களில் நல்ல ஆட்டக்காரர்களும் திடீரென வானத்தையோ தரையையோ பார்த்து நின்றதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கல் நல்ல சென்சார்களில் இப்போது தீர்ந்துவிட்டது. தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் செய்த 3360 வகை சென்சார் நொடிக்கு 250 அங்குல வேகத்தைத் தாங்கும், அது 6.35 மீட்டர். அதன் பிந்தைய 3395 வகை தாங்குவது 650 அங்குலம், அதாவது 16.5 மீட்டர். மேசையின்மேல் மனிதக் கை இவற்றில் குறைந்த வேகத்தை எட்டுவதே அரிது. ஆகவே 250 அங்குலத்துக்கு மேல் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை. அதே வேளையில், சென்சாரின் பெயரையே சொல்லாத மலிவு மவுஸைத் தவிர்ப்பது நல்லது. பெட்டியில் பளபளக்கும் வண்ண விளக்கும் நெருப்பு வடிவ ஓடும் இருந்தாலும், உள்ளே நொடிக்கு 1 மீட்டரைத் தாங்காத அலுவலகச் சென்சார் இருக்கக்கூடும்.

டிபிஐ: அதிகம் பேசப்படும் எண்

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதே டிபிஐ. 800 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை. 1920 புள்ளி அகலமுள்ள திரையில் வேறு மாற்றம் இல்லாமல் வைத்தால், 2.4 அங்குலம் நகர்த்தியதும் சுட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். 26,000 டிபிஐ என்று விளம்பரப்படுத்தும் மவுஸில் ஓர் எண்ணிக்கை என்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அசைவு. அவ்வளவு நுண்மையாகக் கையை நிறுத்த யாராலும் முடியாது. அந்த நிலையில் கையின் இயல்பான நடுக்கமும் சென்சாரின் இரைச்சலும் அசைவாகப் பதிவாகின்றன.

பெரிய டிபிஐ துல்லியமான குறியைத் தரும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமில் உணர்திறன் 1 என்று வைத்தால் மவுஸின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 பாகை திரும்பும். முழுச்சுற்றுக்கு 16,364 எண்ணிக்கை வேண்டும். 800 டிபிஐ மவுஸில் அது 20.45 அங்குலம், ஏறத்தாழ 52 செ.மீ. அந்த கேமின் அகலத்திரைப் பார்வையில், 1920 புள்ளித் திரையின் நடுவே ஒரு புள்ளி பிடிக்கும் கோணம் சுமார் 0.08 பாகை. ஆக, 800 டிபிஐயிலேயே மவுஸின் ஓர் அடி திரைப்புள்ளியில் கால்பங்குக்கும் சற்று மேல்தான். அதைவிட நுண்மையாக நகர்ந்தாலும் திரையில் பெரிய வேறுபாடு தெரியாது. துப்பாக்கிச்சூட்டு கேம்களின் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் 400 முதல் 1600 டிபிஐக்குள்ளேயே ஆடுவதற்கு இந்தக் கணக்கு ஆதரவாக நிற்கிறது.

எனினும் மிகக்குறைந்த டிபிஐக்கும் ஒரு விலை உண்டு. 400 டிபிஐயில் முதல் எண்ணிக்கை பதிவாக மவுஸ் 0.0635 மி.மீ. நகர வேண்டும், 1600 டிபிஐயில் 0.016 மி.மீ. போதும். கை மெதுவாக நகரத் தொடங்கும்போது உயர்ந்த டிபிஐ அந்தத் தொடக்கத்தைச் சற்று முன்னதாகவே சொல்லிவிடுகிறது. 800 அல்லது 1600இல் மவுஸை வைத்து, கேமுக்குள் உணர்திறனைக் குறைத்துக்கொள்வது இரண்டு பக்கமும் இழப்பில்லாத வழி.

டிபிஐயைவிட முக்கியமான குணங்கள் பெட்டியில் இடம்பெறுவதில்லை. வளைந்த கோட்டை நேராக்கும் திருத்தம், அசைவை மென்மையாக்கும் வடிகட்டல், வேகத்துக்கேற்பத் தூரத்தைக் கூட்டும் முடுக்கம் ஆகிய மூன்றும் சென்சாரில் இருக்கவே கூடாது. இருந்தால் அணைக்கும் வசதியாவது வேண்டும். கை போனபடியே சுட்டி போக வேண்டும் என்ற அடிப்படை விதியை இவை மூன்றும் மீறுகின்றன.

தூக்கும் உயரம்

குறைந்த உணர்திறனில் ஆடுபவர் மேசையின் விளிம்பு வந்ததும் மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டு மறுபடி நகர்த்துவார். தூக்கிய பிறகும் சென்சார் மேசைப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இடைநேரத்தில் குறி நகர்ந்துவிடும். எந்த உயரத்தில் சென்சார் பார்ப்பதை நிறுத்துகிறது என்பதே தூக்கும் உயரம். 1 முதல் 2 மி.மீ. வரை இருப்பது நல்லது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சிடி தட்டின் தடிமன் 1.2 மி.மீ. சென்சார் தட்டின் நடுத்துளைக்கு நேராக வரும்படி மவுஸை அதன்மேல் வைத்து, தட்டோடு சேர்த்து நகர்த்திப் பார்க்க வேண்டும். சுட்டி அசையாமல் இருந்தால் தூக்கும் உயரம் 1.2 மி.மீ.க்குக் குறைவு. அசைந்தால் இன்னொரு தட்டை அடியில் வைத்து 2.4 மி.மீ.யில் பார்க்கலாம்.

கம்பியும் அலையும்

மவுஸ் தான் அளந்ததைக் கணினிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது அடுத்த கேள்வி. சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை சொல்லும். இரண்டு செய்திகளுக்கு இடையே 8 மில்லிநொடி. கேமிங் மவுஸ் 1,000 முறை சொல்லும். இடைவெளி 1 மில்லிநொடி. ஓர் அசைவு அடுத்த செய்திக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் 4 மில்லிநொடியிலிருந்து அரை மில்லிநொடியாகக் குறைகிறது. இது உண்மையான ஆதாயம். நொடிக்கு 8,000 முறை சொல்லும் மவுஸ்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றால் மேலும் மிச்சமாவது அரை மில்லிநொடிக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு செய்தியையும் வாங்கிக்கொள்ளச் செயலி வேலையை நிறுத்திக் கவனிக்க வேண்டும். வெப்பத்தாலும் மின்சக்தியாலும் கட்டுண்ட மடிக்கணினிச் செயலிக்கு நொடிக்கு 8,000 குறுக்கீடுகள் சுமைதான். கேமின் படவேகமே அதனால் தடுமாறலாம்.

இந்த எண்களைத் திரையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அளவு விளங்கும். நொடிக்கு 60 முறை மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும்; 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் மடிக்கணினி வைத்திருப்பவர் எவ்வளவு விலையுயர்ந்த மவுஸ் வாங்கினாலும் திரையின் தாமதம் அப்படியே இருக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஆடும்போது வரைகலைச் செயலியின் வேகம் குறைவதும் அப்படித்தான். மவுஸால் அதைச் சரிசெய்ய முடியாது. 1,000 ஹெர்ட்ஸ் மவுஸ், சார்ஜர் இணைப்பு, முடிந்தவரை வேகமான திரை ஆகியவையே ஒன்றுக்கொன்று பொருந்தும் கூட்டு.

கம்பியா, கம்பியில்லாததா என்ற கேள்விக்கு மடிக்கணினியில் விடை கொஞ்சம் மாறுகிறது. கம்பியில்லா மவுஸ் இருவகை. புளூடூத் வகைக்குத் தனி டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் சிறு ஏற்பி) வேண்டாம், துளையும் மிச்சம். ஆனால் பரவலாகப் புழங்கும் குறைமின்சக்திப் புளூடூத்தில் இரண்டு செய்திகளுக்கு இடையே குறைந்தது 7.5 மில்லிநொடி ஆகும். அது பழைய 125 ஹெர்ட்ஸ் மவுஸின் நிலைதான். அலுவலக வேலைக்கு நன்று, வேகமான கேமுக்கு வேண்டாம். தனி டாங்கிளோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசும் கேமிங் மவுஸ்கள் 1,000 ஹெர்ட்ஸை எட்டுகின்றன. நல்ல தயாரிப்புகளில் கம்பிக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியாது. இரண்டு முறைகளும் ஒன்றாக உள்ள மவுஸ் மடிக்கணினிக்கு மிகப் பொருத்தம்: பயணத்தில் புளூடூத், கேமுக்கு டாங்கிள்.

டாங்கிளை எங்கே செருகுவது என்பதில் பலரும் கவனிக்காத ஓர் இயற்பியல் உண்டு. யுஎஸ்பி 3 இணைப்பில் நொடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் தகவல் ஓடுகிறது. அந்த மின்துடிப்புகளின் இரைச்சல் அகன்ற அலைவரிசையில் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் தொடுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கை இதை அளந்து காட்டியது. மேசைக் கணினியில் தள்ளியிருக்கும் துளையைத் தேர்ந்தெடுக்கலாம். மடிக்கணினியில் ஒரே பக்கத் துளைகள் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். ஒன்றில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்துத் துளையில் டாங்கிள் இருந்தால் சுட்டி விட்டுவிட்டு நகரும். மவுஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவதற்குமுன், டாங்கிளை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். குட்டையான நீட்டிப்புக் கம்பியில் செருகி மவுஸுக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது. பல கேமிங் மவுஸ்களோடு இந்தக் கம்பியும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

மின்சக்தியைச் சேமிக்க விண்டோஸ் சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளைத் தூங்கவைப்பதும் உண்டு. மவுஸ் சற்றே ஓய்ந்திருந்து மறுபடி அசையும்போது தயங்குவதாகத் தோன்றினால், மின்சக்தி அமைப்புகளில் அந்த வசதியை அணைத்துப் பார்க்கலாம்.

எடை

தள்ளத் தேவையான விசை, நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கியது. 120 கிராம் மவுஸை நகர்த்தத் தொடங்கவும், இலக்கு வந்ததும் நிறுத்தவும் 60 கிராம் மவுஸைப்போல இருமடங்கு விசை வேண்டும். ஒரு முறைக்கு இது ஒன்றுமில்லை. மாலை முழுக்க ஆடும்போது விரலும் மணிக்கட்டும் அந்த வேறுபாட்டை உணரும். லாஜிடெக் ஜி502 எடை ஏறத்தாழ 121 கிராம்; அதே நிறுவனம் 2020இல் கொண்டுவந்த ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே. ஆறாண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு மாதிரிகளும் கேமிங் மவுஸின் போக்கு எங்கே திரும்பியது என்பதைச் சொல்கின்றன.

கம்பியில்லா மவுஸில் எடையின் கணிசமான பங்கு பேட்டரியுடையது. இந்தியக் கடைகளில் பரவலாக விற்கும் லாஜிடெக் ஜி304, ஓர் ஏஏ பேட்டரியோடு 99 கிராம். சாதாரண ஆல்கலைன் ஏஏ பேட்டரி ஒன்றே சுமார் 23 கிராம். லித்தியம் வகை ஏஏ சுமார் 15 கிராம். பேட்டரியை மாற்றினாலே 8 கிராம் குறைகிறது. அது மவுஸின் பின்பகுதியில் இருப்பதால், எடை குறைவதோடு சமநிலையும் மேம்படுகிறது. உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி இலேசானது. சில ஆண்டுகளில் அது தேய்ந்தால் மாற்றுவது கடினம். நீண்டநாள் உழைப்பு முக்கியம் என்பவர் ஏஏ பேட்டரி வகையையும், இலேசு முக்கியம் என்பவர் சார்ஜ் வகையையும் எடுக்கலாம்.

வடிவமும் பிடியும்

எந்தச் சென்சாரும் கைக்குப் பொருந்தாத வடிவத்தைக் காப்பாற்றாது. பிடிகள் மூன்று. உள்ளங்கை முழுதும் மவுஸின் முதுகில் படியும் பிடியில் அசைவு முன்கையிலிருந்து வருகிறது. நீளமான, முதுகுயர்ந்த மவுஸ் அதற்குப் பொருந்தும். உள்ளங்கையின் அடி மட்டும் பட்டு விரல்கள் வளைந்து நிற்கும் பிடிக்கு நடுத்தர நீளமும் பின்புறம் உயர்ந்த முதுகும் ஏற்றவை. விரல்நுனிகள் மட்டும் படும் பிடிக்குச் சிறிய, தட்டையான, இலேசான மவுஸ் வேண்டும்.

வாங்குமுன் கையை அளந்துகொள்வது அவசியம். மணிக்கட்டின் மடிப்புக்கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம். நான்கு விரல்களின் அடிக்கணுக்களின் குறுக்கே அகலம். மவுஸின் நீளம் கையின் நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கலாம் என்பது ஆடுவோரிடையே வழங்கும் கணக்கு. 18 செ.மீ. கைக்கு 11 செ.மீ. மவுஸ். உள்ளங்கைப் பிடிக்கு இதைவிடச் சற்றுக் கூடலாம், விரல்நுனிப் பிடிக்குக் குறையலாம். இடக்கையர் இருபுறமும் ஒத்த வடிவத்தைத்தான் தேட வேண்டும். அப்போதும் பக்கப் பொத்தான்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்ப்பது நல்லது.

மணிக்கட்டு பின்னோக்கி வளைந்தபடியே இருந்தால் மணிக்கட்டுக் குகை என்ற குறுகிய வழியில் அழுத்தம் கூடும். அதன் வழியே செல்லும் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகலாம். முதுகு மிக உயர்ந்த மவுஸும், உயரமான மேசையும் சேர்ந்தால் இந்த வளைவு அதிகமாகும். முழங்கையும் மணிக்கட்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும்படி நாற்காலியை உயர்த்துவது மவுஸ் வாங்குவதைப்போலவே முக்கியமானது.

மேல்பூச்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர்போல மென்மையான பூச்சு புதிதில் இதமாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றும் வியர்வையும் அதன் பாலியூரித்தேனை நாளடைவில் சிதைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். கடலோர ஊர்களில் வாழ்பவருக்குச் சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் ஓடு நெடுநாள் உழைக்கும்.

பொத்தானுக்குள் நடப்பது

இடப்பொத்தானை அழுத்தும்போது, அடியில் உள்ள சிறு ஸ்விட்சில் ஓர் உலோகத் தகடு வளைந்து தொடுமுனையில் மோதுகிறது. மோதிய தகடு அங்கேயே நின்றுவிடுவதில்லை. சில மில்லிநொடிக்குள் பலமுறை துள்ளி ஒட்டுகிறது. ஒரு சொடுக்கை ஐந்தாறு சொடுக்காக எண்ணாமலிருக்க, மவுஸின் மென்பொருள் முதல் தொடுகைக்குப் பிறகு சற்றுநேரம் வரும் துள்ளல்களைப் புறக்கணிக்கிறது. தகடு தேய்ந்து தளர்ந்தால் துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டி நீடிக்கும். அப்போது ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும். கேமிங் மவுஸ்களில் மிகப் பரவலான பழுது இது.

2 கோடி சொடுக்கு உழைக்கும் என்று குறித்த ஸ்விட்ச், நாளுக்கு 10,000 சொடுக்கு என்று ஆடுபவரிடம் கணக்கின்படி 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு வரும். ஒளி ஸ்விட்சில் தகடு தொடுவதற்குப் பதிலாக ஓர் அகச்சிவப்புக் கதிர் மறைக்கப்படுகிறது அல்லது திறக்கப்படுகிறது. துள்ள உலோகத் தொடுகை இல்லாததால் காத்திருப்பும் வேண்டாம், இரட்டைச் சொடுக்குக் கோளாறும் வராது. விலை சற்றுக் கூடினாலும், மிகுதியாக ஆடுபவருக்கு இது தகுந்த செலவு.

எத்தனை பொத்தான் வேண்டும் என்பதை ஆடும் கேம் முடிவு செய்யும். துப்பாக்கிச்சூட்டு கேம்களுக்கு இரண்டு பக்கப் பொத்தான்கள் போதும். மந்திரங்களும் ஆற்றல்களும் நிறைந்த பெருங்கூட்ட இணைய கேம்களுக்குப் பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் கொண்ட ரேசர் நாகா போன்ற மவுஸ்கள் உண்டு; அந்த வசதிக்கு எடை என்ற விலையைக் கொடுக்க வேண்டும்.

மேசையும் இடமும்

ஒளிச் சென்சாருக்குப் பரப்பில் நுண்ணிய நிழல்கள் வேண்டும். தெளிவான கண்ணாடி மேசை அவற்றைத் தராது. பளபளக்கும் வழவழப்பான மேசையும் சரிவராது. துணிப்பலகை சீரான இழையைத் தருவதோடு நிறுத்துவதற்கு வேண்டிய உராய்வையும் தருகிறது. கடினப்பலகையில் மவுஸ் வேகமாக வழுக்கும், கட்டுப்படுத்துவது கடினம். மவுஸின் அடிக்கால்கள் பெரும்பாலும் பிடிஎஃப்இ எனும் டெஃப்லான் வகைப் பொருளால் ஆனவை. அவை தேய்ந்தால் ஓடு பலகையில் உரசும். மாற்றுக்கால்கள் கிடைக்கும் மாதிரியை வாங்குவது நல்லது.

மடிக்கணினிக்கே உரிய சிக்கல் இடம். 15.6 அங்குலத் திரையுள்ள கணினி ஏறத்தாழ 36 செ.மீ. அகலம் பிடிக்கும். மேலே கண்ட கணக்கில் ஒரு முழுச்சுற்றுக்கு 52 செ.மீ. வேண்டியிருந்தது; பின்னால் திரும்பவே 26 செ.மீ. வேண்டும். சிறிய மேசையில் அந்த இடம் கிடைக்காதவர் உணர்திறனை 2 ஆக்கினால் பின்திரும்ப 13 செ.மீ. போதும். இல்லையென்றால் கணினியைச் சற்று இடப்பக்கம் தள்ளிவைக்க வேண்டும். பல கேமிங் மடிக்கணினிகளில் வெப்பக்காற்று வலப்பக்கத் துவாரம் வழியே வெளியேறி மவுஸ் பிடித்த கையிலேயே அடிக்கும். சார்ஜர், இயர்போன் கம்பிகளும் அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும். கணினி வாங்கும்போதே துவாரமும் துளைகளும் எந்தப் பக்கம் என்று பார்ப்பவர் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்.

தேர்வின் வரிசை

இவ்வளவையும் சேர்த்தால் வாங்குவதற்கான ஒழுங்கு தெளிவாகிறது. முதலில் கையளவும் பிடியும். அவற்றுக்குப் பொருந்தாத மவுஸைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, பெயர் சொல்லப்பட்ட, 250 அங்குலமோ அதற்கு மேலோ வேகம் தாங்கும் சென்சார். மூன்றாவது, 1,000 ஹெர்ட்ஸ் இணைப்பு; கம்பியில்லாததென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். சி வகைத் துளைகள் மட்டும் உள்ள கணினிக்கு டாங்கிளைச் செருக மாற்றி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான்காவது, எடை. ஐந்தாவது, ஸ்விட்சின் வகையும் பொத்தான்களின் எண்ணிக்கையும். ஆறாவது, அமைப்புகளைத் தனக்குள்ளேயே சேமிக்கும் நினைவகம். அது இருந்தால் வேறு கணினியில் செருகினாலும் டிபிஐ மாறாது, பின்னணியில் ஒரு மென்பொருள் எப்போதும் ஓடவும் வேண்டாம். வண்ண விளக்கும் ஐந்திலக்க டிபிஐயும் இந்த வரிசையில் இடம்பெறுவதில்லை.

வாங்கிய மவுஸைத் திருப்பித்தரும் காலக்கெடுவுக்குள் சோதித்துவிட வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் தேர்வை முதலில் அணைக்க வேண்டும். பெயர் அப்படி இருந்தாலும் அது செய்வது முடுக்கம்தான். கேமுக்குள் மவுஸின் நேரடித் தரவைப் பெறும் தேர்வு இருந்தால் அதை இயக்க வேண்டும். பிறகு பலகையின் இடப்பக்க ஓரத்தில் ஒரு புத்தகத்தை நிறுத்தி, மவுஸை அதன்மேல் முட்டவைத்து, கேமில் ஒரு புள்ளியைக் குறிபார்க்க வேண்டும். மவுஸை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தி, மிக வேகமாகத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி முட்டவைத்தால், குறி அதே புள்ளியில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் எங்கோ முடுக்கம் ஒளிந்திருக்கிறது அல்லது சென்சார் வேகத்தைத் தாங்கவில்லை. அடுத்து, பெயின்ட் போன்ற வரைசெயலியில் மெதுவாகச் சாய்கோடுகளும் வட்டங்களும் வரைந்து பார்க்கலாம். கோடு படிப்படியாக ஒடிந்தால் நேராக்கும் திருத்தம் இருக்கிறது, நடுங்கினால் டிபிஐ அளவு மீறியிருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு பொத்தானையும் நூறு முறை தனித்தனியாக அழுத்தி, ஒன்றாவது இரண்டாகப் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறி, ஒரு மணி நேரம் ஆடிய பிறகும் கை நோகாமல் இருந்தால் அந்த மவுஸை வைத்துக்கொள்ளலாம்.